சாறு ஒரு சாமம், பாகு ஆறு மாதம்

சித்த மருத்துவ நூல்கள் அக மருந்துகளை 32 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை காலம் கெடாமல் வீரியத்தோடு இருக்கும் என்றும் வரையறுக்கின்றன. பிழிந்த சாற்றுக்கு அவை கொடுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சாற்றைச் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சினால் அது மணப்பாகு; அதன் ஆயுள் 6 மாதம். தேனில் ஊறவைத்த தேனூறலுக்கு ஓர் ஆண்டு. வீட்டில் பழபானம் செய்யும் பழக்கத்தின் வரலாற்றை எழுத நினைப்பவர் இந்த வரையறையிலிருந்து தொடங்குவது நல்லது. பழத்தைப் பிழிந்து அப்போதே குடிப்பது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. அதைப் பாட்டிலில் அடைத்து வைத்து, பருவம் போன பிறகும் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது வேறு காரியம். தமிழ் வீடுகளில் அந்தப் பழக்கம் பரவி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்குமுன் நம்மவர்களுக்கு முறை தெரியாமல் இருந்ததா? மாதுளை மணப்பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்குத் திராட்சை ஸ்குவாஷ் பெரிய வித்தை இல்லை. சர்க்கரையின் விலைதான் குறுக்கே நின்றது. விலை இறங்கியதும் வைத்தியர் கையிலிருந்த முறை அடுப்படிக்கு வந்தது. வந்த பிறகு அதை வளர்த்தவர்கள், செய்து பார்த்து, கெட்டதைக் கொட்டி, மறுபடியும் செய்து பார்த்த வீட்டுப் பெண்கள்.

சாற்றின் ஆயுள் குறுகியது என்பதைக் கண்டவர்கள் சித்தர் மரபினர் மட்டுமல்லர். பௌத்தத் துறவிகளுக்கான விநய விதிகள் நண்பகலுக்குப் பிறகு திட உணவை விலக்கி, சில பழச்சாறுகளை மட்டும் அனுமதிக்கின்றன. மா, நாவல், வாழை, இலுப்பை, திராட்சை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சாற்றை வடிகட்ட வேண்டும், மறுநாள் விடிவதற்குள் குடித்து முடித்துவிட வேண்டும். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஐந்தையும் 7 நாள் வைத்திருக்கலாம். உப்பை ஆயுள் முழுதும் வைத்திருக்கலாம். இது துறவொழுக்க விதி, சமையல் குறிப்பு இல்லையே என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் எதற்கு எத்தனை காலம் என்று அவர்கள் பிரித்திருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். வெப்ப நாட்டில் பழச்சாறு ஒரு நாள் தாண்டினால் நுரைக்கத் தொடங்கும், மது விலக்கிய துறவிக்கு நுரைத்த சாறு ஆகாது. உப்பு கெடவே கெடாது. பொருள்களின் இயல்பை அன்றாடம் கண்டவர்கள் வகுத்த வரிசையாகவே இது எனக்குத் தெரிகிறது. சித்த மருத்துவத்தின் ஒரு சாமமும் விநயத்தின் ஒரு நாளும் வேறுவேறு நோக்கத்தில் எழுதப்பட்டவை. இரண்டும் சாற்றை ஒரே மாதிரி அவசரமான பொருளாகத்தான் கருதுகின்றன.

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கலவை பானம் ஒன்று புறநானூற்றின் 24-ஆம் பாட்டில் இருக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய பாட்டு அது. நெய்தல் நிலத்து மக்கள் நுங்கின் நீரையும் கரும்புச் சாற்றையும் தேங்காயின் இளநீரையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்ந்து விளையாடுகிறார்கள். சமையலறைச் சோதனை என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று வேண்டியதில்லை. ஒன்றில் இனிப்பு, ஒன்றில் குளிர்ச்சி, ஒன்றில் மெல்லிய உப்புக் கரிப்பு என்று சேர்த்துச் சுவை பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று திரவங்களுக்கும் பொதுவாக உள்ள இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றிலும் புளிப்பு மிகக் குறைவு. உணவுப் பதனத் துறையில் பி.எச். 4.6 என்பதை எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள். அதற்குக் கீழே, அதாவது புளிப்பு அதிகமுள்ள பொருளில், உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்கும் பாட்யுலினம் கிருமி வளராது. கொதிக்கும் நீரின் சூடே பாதுகாப்புக்குப் போதும். அதற்கு மேலே இருப்பவற்றை வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பது ஆபத்து; அழுத்தத்தில் சூடேற்றும் ஆலைக் கருவி வேண்டும். நுங்கு, கரும்பு, இளநீர் மூன்றும் கோட்டுக்கு மேலே நிற்பவை. 2000 ஆண்டுகளுக்குமுன் வெட்டியவுடன் குடித்தார்கள், இன்றும் சாலையோரத்தில் வெட்டியவுடன்தான் குடிக்கிறோம். எலுமிச்சை, திராட்சை, அன்னாசி, நெல்லி, ஆரஞ்சு, மாங்காய் என்று வீடுகளில் ஸ்குவாஷுக்குப் பயன்படும் பழங்களை வரிசைப்படுத்தினால் எல்லாமே கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. பி.எச். என்ற சொல்லையே கேட்டிராத கைகள் எது பாட்டிலில் தங்கும், எது தங்காது என்று பிரித்து வைத்திருந்தன. தர்ப்பூசணி ஸ்குவாஷ் எந்த வீட்டிலும் பழக்கமாகாததற்கு ருசி காரணமே இல்லை.

பானகம் இல்லையா, நன்னாரி சர்பத் இல்லையா என்ற கேள்வி இங்கே வரும். ஸ்ரீராமநவமிக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கொடுக்கும் பானகம் உண்மையிலேயே பழையது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 12-ஆம் நூற்றாண்டில் உருவான மானசோல்லாசம் அரசன் அனுபவிக்க வேண்டிய இன்பங்களில் ஒன்றாகக் குடிநீர் வகைகளுக்குத் தனி இடம் கொடுக்கிறது. இவை எல்லாம் அன்றைக்குக் கரைத்து அன்றைக்கே தீர்ப்பவை. பானகத்தில் வெல்லம், தண்ணீர், சுக்கு, ஏலம், கொஞ்சம் எலுமிச்சை அல்லது புளி. மாலையில் மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும், இரவு தாண்டினால் நுரை கட்டும். நன்னாரியின் கதை வேறு. அது பழம் இல்லை, வேர். வேரைத் தட்டி ஊறவைத்து எடுத்த நீரில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பாகு பல மாதம் இருக்கும். ஆனால் அதுவும் மருந்தாகத்தான் ஊருக்குள் வந்தது. நன்னாரி மணப்பாகு சித்த வைத்தியத்தில் உடற்சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் தேக்கரண்டிக் கணக்கில் கொடுப்பது. அந்தத் தேக்கரண்டியைத்தான் நான் சான்றாகக் காட்ட விரும்புகிறேன். ஒரு கண்ணாடித் தம்ளர் சர்பத்துக்கு வேண்டிய சர்க்கரையை மருந்தளவாகக் கணக்கிட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது.

இதைவிட வலுவான சான்று நம் ஊறுகாய் ஜாடியிலேயே இருக்கிறது. எலுமிச்சையைக் கெடாமல் வைக்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. உப்பு போட்டு வெயிலில் வைத்து வருடக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறோம். மாவடு, நாரத்தங்காய், கிடாரங்காய், நெல்லி என்று புளித்த காய் ஒவ்வொன்றுக்கும் ஓர் உப்புவழி உண்டு. உப்பும் சர்க்கரையும் பதப்படுத்தும் விதம் ஒன்றுதான்: பொருளில் இருக்கும் நீரைத் தங்கள் பக்கம் பிடித்து வைத்துக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு மிச்சம் விடுவதில்லை. இந்த வேலைக்கு உப்பு கொஞ்சம் போதும். சர்க்கரை என்றால் பழத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ கொட்ட வேண்டும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு கடலோரத்தில் விளைந்தது. வெள்ளைக்காரன் வரி போட்டு அதன் விலையை ஏற்றிய காலத்திலும் ஒரு ஜாடி ஊறுகாய்க்கு வேண்டிய உப்பு ஏழை வீட்டுக்கும் எட்டியது. ஒரே எலுமிச்சை உப்போடு சேர்ந்து எல்லார் வீட்டுக்கும் போனது. சர்க்கரையோடு சேர்ந்தபோது வைத்தியர் வீட்டு அலமாரியைத் தாண்டவில்லை. அறிவும் பழமும் ஒன்று, சேர்மானத்தின் விலை மட்டும் வேறு.

சர்க்கரை பிறந்த நாடே இதுதானே, இங்கே எப்படி அது அரிதாக இருக்கும் என்ற மறுப்புக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கரும்புச் சாற்றைப் படிகமாக்கும் கலை இந்தியாவில் தோன்றி உலகெங்கும் பரவியது என்பது உண்மை. ஆனால் சாதாரண வீட்டுக்கு வந்த இனிப்பு வெல்லமும் கருப்பட்டியும்தான். கற்கண்டு தொண்டைக் கட்டுக்கும் தாம்பூலத் தட்டுக்கும் உரிய பொருளாக இருந்தது, அடுப்படிச் சம்படத்தில் அதற்கு இடமில்லை. சரி, மலிவாகக் கிடைத்த வெல்லத்தில் பழப்பாகு காய்ச்சியிருக்கலாமே? காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு அதன் இடைஞ்சல் தெரியும். வெல்லத்தில் ஈரமும் கரும்பின் தாது உப்புகளும் அழுக்கும் கூடவே வரும். அது பழத்தின் நிறத்தை மூடிவிடும், அதன் மணமே எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும். அந்த உப்புகள் எலுமிச்சையின் புளிப்பை ஓரளவு மழுங்கடிக்கவும் செய்யும், பாதுகாப்பே புளிப்பில்தானே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தென்பாண்டிச் சீமையிலும் பனம்பாணி காய்ச்சி வைத்திருந்தார்கள், அது நன்றாகவே தங்கியது. அதில் பழம் கிடையாது. பனையின் சாற்றைக் காக்கப் பனையேறிகள் எடுத்த வழியும் பழத்துக்கு நேர்மாறானது. பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரம் பதனீரைப் புளிக்கவிடாமல் பிடித்து நிறுத்தும், தடவாத கலயத்தில் காலைக்குள் கள். புளிப்பைக் கூட்டிக் காப்பது ஒரு வழி, காரத்தைக் கூட்டிக் காப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி எலுமிச்சைக்கும் திராட்சைக்கும் உதவாது, சுவையையே கொன்றுவிடும்.

பழநிப் பஞ்சாமிர்தம் மட்டும் இந்த வாதத்துக்குச் சற்றுச் சங்கடம் கொடுக்கிறது. விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் இவ்வளவும் சேர்ந்த அது, நெருப்பும் மருந்தும் இல்லாமலே பல நாள் கெடாமல் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. பழத்தைச் சர்க்கரையால் காக்கலாம் என்பது தமிழகத்தில் வெளிப்படையாகத் தெரிந்திருந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? வேண்டாம். என் வாதமும் அதுதான், தெரிந்திருந்தது. ஆனால் அது பானம் இல்லை, நீர் மிகக் குறைந்த விழுது. தண்ணீர் சேரச் சேரக் காப்பதற்கு வேண்டிய சர்க்கரையின் அளவும் ஏறிக்கொண்டே போகும். அத்தனை தேனையும் சர்க்கரையையும் நெய்யையும் ஓரிடத்தில் கொட்டும் வசதி கோயிலுக்கு இருந்தது. பக்தர் வாங்கிப்போவது உள்ளங்கையில் ஒரு வாய். வைத்தியர் கொடுத்த தேக்கரண்டிக்கும் அர்ச்சகர் கொடுத்த ஒரு வாய்க்கும் அளவு ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

மற்ற நாடுகளிலும் பாகு மருந்துக்கடையில்தான் பிறந்தது. கெய்ரோவில் 1260-ல் கோஹேன் அல்-அத்தார் என்ற யூத மருந்து வணிகர் அரபியில் எழுதிய மின்ஹாஜ் அல்-துக்கான் என்ற கைநூல், பழச்சாறும் சர்க்கரையும் சேர்ந்த பாகுகளுக்குப் பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறது. யுனானி வைத்தியத்தின் வழியாக அந்தச் சர்பத் மரபு இந்தியா வந்தது. பழைய டெல்லியில் 1906-ல் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் தொடங்கிய ஹம்தர்த் மருந்தகம்தான், கோடைச் சூட்டைத் தணிக்கும் மருந்தாக ரூஹ் அஃப்ஸாவைக் காய்ச்சி விற்றது. இன்று அதை மருந்தென்று நினைத்து வாங்குவோர் குறைவு. பிரிட்டனில் கடற்படையினர் ஸ்கர்வி நோய்க்குக் குடித்த எலுமிச்சைச் சாற்றைச் சாராயம் சேர்த்துத்தான் காத்தார்கள். 1867-ல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், சாராயம் இல்லாமல் சர்க்கரையால் அதைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1874-ல் அந்த நாடு சர்க்கரை மீதான சுங்கவரியை முற்றாக நீக்கியது. கப்பலுக்கு மருந்தாகப் போன எலுமிச்சைச் சாறு சாப்பாட்டு மேசைக்கு வந்தது இந்த வரிசையில்தான். மருந்து, பிறகு மலிவு, பிறகு பானம் என்ற வரிசையை எந்த நாட்டிலும் மாற்றிப் பார்க்க முடியவில்லை.

இந்தியாவில் மலிவு வந்த கதையைச் சொல்லும்போது அதன் இரத்தக் கறையையும் சொல்லியாக வேண்டும். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842-லேயே சர்க்கரை ஆலை வைத்திருந்தாலும், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே விற்ற வெள்ளைச் சர்க்கரையில் பெரும் பங்கு மொரீஷியஸிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களில் வெட்டியவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமிழ் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860-ல் ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போனதும் நேட்டாலின் கரும்புக்காகத்தான். தஞ்சையிலும் திருச்சியிலும் வயல் இழந்தவர்கள் கடல் தாண்டி வெட்டிய கரும்பு சர்க்கரையாகி மறுபடியும் இந்தியச் சந்தைக்கு வந்திருக்கிறது. வீட்டுப் பழபானத்தின் வரலாற்றைப் பாட்டியின் கைமணமாக மட்டும் எழுதுவது இந்த மனிதர்களை இரண்டாம் முறை மறப்பதாகும். உள்நாட்டில் நிலைமை மாறியது 1932-ல். சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்குக் கடும் வரி விதித்ததும், 30-ஐ ஒட்டி இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின, நாடு ஏறத்தாழத் தன்னிறைவு கண்டது. போர்க்காலக் கட்டுப்பாடும் ரேஷனும் இடையில் வந்து இழுத்துப் பிடித்தாலும், நடுத்தர வீட்டு அடுப்படியில் சீனிச் சம்படம் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது அந்தப் பத்தாண்டுகளில்தான். சிட்ரிக் ஆசிடும் இதே காலத்தில் மலிந்தது. பெரும்பாலும் இத்தாலிய எலுமிச்சையிலிருந்து எடுத்துவந்த அதை, சர்க்கரைக் கரைசலில் ஒரு கரும்பூஞ்சையை வளர்த்துப் பெறலாம் என்று ஜேம்ஸ் கறி 1917-ல் காட்டினார். 1919-ல் அமெரிக்காவில் பெரிய அளவு உற்பத்தி தொடங்கியது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று பொட்டலம் கட்டிக் கொடுப்பது அந்தப் பூஞ்சையின் உழைப்பு. புளிப்புக் குறைந்த மாம்பழத்தைக் கூடக் கோட்டுக்குக் கீழே இறக்கிப் பாட்டிலில் வைக்க அதனால் முடிந்தது.

இனி பாகு காய்ச்சும் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், இந்த வரலாற்றின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சீனியில் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றுகிறார்கள். கொதி வந்ததும் ஒரு கரண்டி பால் விடுகிறார்கள். பால் திரிந்து, சீனியிலிருந்த தூசியையும் கரும்பழுக்கையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு நுரையாக ஓரத்தில் ஒதுங்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்தால் பாகு கண்ணாடி போலத் தெளியும். பாலின் புரதம் சூட்டில் உறைந்து அழுக்கைச் சிறைப்பிடிப்பதுதான் இதன் இயக்கம். அடுத்ததாக நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. பாட்டிலின் அடியில் சீனி பூத்துப் போகாமல் இருக்க இது என்பார்கள். அதுவும் சரி: புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும், உடைந்த சர்க்கரை கலந்திருக்கும்போது மற்றது படிகமாக எளிதில் கூடாது. பாகை இறக்கி நன்றாக ஆறவைத்த பிறகே பழச்சாற்றைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் காய்ச்சினால் கசக்கும், மணம் போய்விடும். பிழியும்போது விதை நசுங்கக் கூடாது, தோலை இறுக்கித் திருகக் கூடாது. பாட்டிலைக் கொதிநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து ஈரம் சுண்ட வைக்க வேண்டும், ஒரு சொட்டு தண்ணீர் தங்கினால் அந்த இடத்திலிருந்து பூஞ்சை தொடங்கும். இவற்றில் எதற்கும் காரணம் தெரிந்து யாரும் செய்யவில்லை. செய்யாமல் விட்ட பாட்டில் கெட்டது, செய்த பாட்டில் நின்றது, நின்ற முறை அடுத்த வீட்டுக்குப் போனது.

ஆங்கிலேயர் வீட்டிலும் மலைவாசத்தல பங்களாக்களிலும் கற்றதை நம்மவர்கள் நகலெடுத்தார்கள், ஸ்குவாஷ், கிரஷ் என்ற பெயர்களே அதற்குச் சாட்சி என்று சிலர் சொல்லக்கூடும். அரசுப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. 1950-ல் மைசூரு செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. பழங்களைப் பதப்படுத்தும் குறிப்புகள் அதன்பின் அச்சில் பெருகின, மனையியல் வகுப்புகளில் பாடமாகவும் ஆயின. ஆனால் அந்தப் பாடம் கொண்டுவந்த புதுமை என்ன என்று பார்த்தால், முக்கியமானது ஒன்றுதான்: பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற வெள்ளைப் பொடி. ஸ்குவாஷில் சர்க்கரை பாதியளவுதான் இருக்கிறது, மணப்பாகு போல் கெட்டியில்லை, ஈஸ்ட் அதில் இன்னும் உயிர்வாழும். அந்த இடைவெளியை இந்தப் பொடியிலிருந்து வரும் கந்தக வாயு அடைக்கிறது. கிலோவுக்கு அரை கிராமை ஒட்டிய அளவை வெதுவெதுப்பான நீர் ஒரு கரண்டியில் கரைத்து, ஆறிய பானத்தில் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் வாயு பறந்துவிடும். அதே பொடி திராட்சையின் கருஞ்சிவப்பையும் நாவலின் ஊதாவையும் வெளுக்கடித்துவிடும், அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்தான் சரி. மற்றவை, அதாவது பால் விட்டு அழுக்கெடுப்பதும் எலுமிச்சை விட்டுப் பூக்காமல் காப்பதும், மைசூர்பாகுக்கும் குலாப்ஜாமுனுக்கும் பாகு காய்ச்சிய கைகளுக்கு ஏற்கெனவே பழகியவை.

பெயர் ஆங்கிலம் என்பதால் பொருளும் அந்நியம் ஆகிவிடாது. எலுமிச்சைப் பாகில் இஞ்சியைத் தட்டிப் போட்டவர்களும், நன்னாரியோடு எலுமிச்சையைச் சேர்த்தவர்களும், அன்னாசியில் மிளகுத் தூள் தூவியவர்களும், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் புளிப்பு எடுப்பாகத் தெரியும் என்று கண்டவர்களும் பங்களா சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைதாசர் ஆசிரமத்துத் துறவிகள் தயாரித்துப் பெயர் வாங்கிய நெல்லிரசத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அயல்நாட்டுப் பாகு முறையில், சித்த வைத்தியர் தேனூறலாக வைத்திருந்த காயே வந்து சேர்ந்தது. 1955-ல் மத்திய அரசு பிறப்பித்த பழப்பொருள் ஆணை ஸ்குவாஷ் என்று விற்கும் எதிலும் பழச்சாறு 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, கரைந்த திடப்பொருள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது. வீடுகளில் வழங்கும் எலுமிச்சை ஸ்குவாஷ் அளவைப் பாருங்கள்: சாறு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு. சாறு 25 விழுக்காடு, சர்க்கரை 50. ஆலைக்குச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்த தரத்தை வீட்டுக் கணக்கு தானாகவே தாண்டியிருக்கிறது.

ஆலைகளோடு ஒப்பிட்டு வீட்டு பானத்தை உயர்த்திப் பேசுவதில் ஓர் ஆபத்து இருப்பதையும் மறுக்க முடியாது. ஆலையில் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறார்கள், வீட்டில் மூக்கும் நாக்கும்தான் சோதனைச்சாலை. கந்தகப் பொடியைக் கண்ணளவாகப் போட்டு அதிகமாக்கிவிட்டால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். இந்த விஷயத்தில் ஆலையின் தராசுதான் நம்பகமானது, வீட்டிலும் கிராம் தராசு இல்லாமல் அந்தப் பொடியைத் தொடக் கூடாது. ஆனால் 1980-களில் ரஸ்னா போன்ற பொடிகள் வீடுகளைப் பிடித்தபோது நடந்ததை முன்னேற்றம் என்று ஏற்க எனக்கு முடியவில்லை. நிறமும் மணமும் புளிப்பும் பொட்டலத்தில் வந்தன, சீனியும் தண்ணீரும் மட்டும் வீட்டிலிருந்து. பழம் காணாமல் போனது. பாகு காய்ச்சும் வேலை மிச்சம் என்று பெண்கள் அதை வரவேற்றதில் நியாயம் உண்டு. கோடை விடுமுறையில் வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பருகில் நின்றவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. பழத்தைப் பார்த்து அதன் புளிப்பையும் பழுத்த பக்குவத்தையும் கணித்து அளவை மாற்றும் திறமைக்கு அந்தப் பொட்டலத்தில் வேலையே இல்லை.

இன்று வீட்டுப் பழபானம் திரும்பி வருகிறது, புதிய ஒரு தவறோடு. சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்ற சரியான கவலையில், பழைய குறிப்பில் சொல்லியிருக்கும் சீனியைப் பாதியாகக் குறைத்துச் செய்கிறார்கள், பிறகு பாட்டிலை அலமாரியில் வைக்கிறார்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, வெயில் காலத்தில் நாலு தம்ளர் ஸ்குவாஷ் அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஆனால் அந்தக் குறிப்பில் சீனி இனிப்புக்காக மட்டும் எழுதப்படவில்லை. பாதி சீனியில் செய்தது ஸ்குவாஷ் ஆகாது, நீர்த்த சாறு. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் சீறும், கண்ணாடி பாட்டிலாக இருந்து இறுக்கி மூடியிருந்தால் வெடிக்கவும் கூடும். 1842-ல் சென்னைக் கடற்கரையில் டியூடர் நிறுவனம் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டியபோது குளிர்ச்சி சிலருக்கே கிடைத்தது. இப்போது அநேக வீடுகளில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. குறைந்த சர்க்கரையில் செய்கிறவர்கள் அந்தக் குளிரை நம்பிச் செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவைச் சின்ன பாட்டில்களில் ஊற்றி உள்ளே வைக்கலாம், மீதிச் சாற்றை ஐஸ் தட்டில் உறையவிட்டு வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக் கரைக்கலாம். மாதக்கணக்கில் வெளியே வைக்க விரும்புகிறவர்கள் ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு சீனி என்ற அளவைக் குறைக்காமல், தராசில் நிறுத்த பொடியையும் விடாமல் செய்து, கிளாஸில் ஊற்றும்போது தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம்.